ஸ்டார்லெட் கே.பி.61: 4கே இஞ்சினுக்கு எந்தக் காம், எந்த ஹெட்?

கேள்வி (மாங்குளம்)
வணக்கம். என்னிடமுள்ள 1980ஆம் ஆண்டு ரொயோட்டா ஸ்டார்லெட் கே.பி.61 காரின் 1290 சிசி 4கே இஞ்சினை முழுமையாகக் கழற்றி வைத்திருக்கிறேன். காம் சாஃப்டில் (வால்வுகளைத் திறக்கும் மேடுகளுள்ள தண்டு) இரண்டாம் சிலிண்டருக்குரிய மேடு ஒன்று, விரல் நகத்தால் தடவினாலே பள்ளம் தட்டுப்படும் அளவுக்குத் தேய்ந்துள்ளதால், புதியது வாங்கியே ஆகவேண்டும். கொழும்பில் 288 பாகை (வால்வு திறந்திருக்கும் சுழற்சி அளவு) காம் ஒன்று கிடைப்பதாக அறிந்தேன். கிழமையில் மூன்று நாளாவது ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குப் போய் வருகிறேன். சில வேளைகளில் பின் இருக்கையை மடித்து நெல் மூடையும் ஏற்றுவதுண்டு. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைத் தொடாமல் இந்தக் காமை மட்டும் போடலாமா, அல்லது பெரிய 5கே இஞ்சினின் ஹெட் ஒன்றைத் தேட வேண்டுமா?

பதில் (கிளிநொச்சி)
தம்பி, அந்தக் காம் உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தாது. அவ்வளவு நீண்ட பாகையுள்ள காமில் இன்லெட் வால்வு மிகவும் பிந்தி மூடுவதால், குறைந்த சுழற்சியில் பிஸ்டன் மேலேறும்போது உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதி காபுரேட்டர் பக்கமே திரும்பித் தள்ளப்பட்டுவிடும். வீதியில் நிற்கும் மாடுகளுக்காக வேகத்தைக் குறைத்துவிட்டு, மூடையோடு மூன்றாம் கியரிலேயே இழுக்கப் பார்த்தால் இஞ்சின் திணறும். மணிக்கு 70 கிலோமீட்டருக்குள் ஓடும் காருக்கு 260 பாகையை ஒட்டிய காம் தாராளம். மிஞ்சும் காசை ஹெட்டில் போடுங்கள்: வால்வு சீட்டுகளை மூன்று கோணத்தில் வெட்டுவித்து, சீட்டுக்குக் கீழே துவாரத்தில் நிற்கும் வார்ப்பு விளிம்பை மட்டும் மழுப்பினாலே வித்தியாசம் தெரியும். இந்த இஞ்சினில் இன்லெட்டும் எக்சோஸ்டும் ஒரே பக்கம் இருப்பதால், நமது வெயிலுக்குக் காபுரேட்டரின் கீழே ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் அவசியம்.

பதில் (வவுனியா, லேத் பட்டறை)
5கே ஹெட் 80.5 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டத்துக்காகச் செய்யப்பட்டது, உங்களுடையது 75. அளந்து பார்க்காமல் மாற்றினால் கொம்பிரசன் (கலவை அமுக்கப்படும் விகிதம்) குறைந்துபோகக்கூடும். உங்கள் ஹெட்டையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 322 சிசி. கொம்பிரசன் 9க்கு 1 என்றால் பிஸ்டனுக்கு மேலே எஞ்சும் இடம் 40.3 சிசி, 9.5க்கு 1 என்றால் 37.9 சிசி. ஆகவே கொம்பிரசனை அவ்வளவு உயர்த்த, அந்த இடம் ஏறத்தாழ இரண்டரை சிசி குறைந்தாலே போதும். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளையும் பிளக்கையும் பூட்டி, கிரீஸ் பூசிய பெர்ஸ்பெக்ஸ் தகட்டால் மூடி, அதிலுள்ள சிறு துளையால் பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விடுங்கள். கடைசிக் குமிழி துளையடிக்கு வந்து மறையும்போது அளவை வாசிக்க வேண்டும். நான்கு அறைகளையும் அளந்த பிறகே ஹெட்டைச் சீவக் கொடுக்கவும்.

கேள்வி (மாங்குளம்)
மிக்க நன்றி. பழைய டப்பட்டுகள் (காம் மேட்டில் உரசி வால்வைத் தள்ளும் துண்டுகள்) பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. அவற்றையே போடலாமா?

பதில் (கிளிநொச்சி)
கூடவே கூடாது. பழைய டப்பட்டின் அடி பழைய மேட்டுக்கேற்பத் தேய்ந்திருக்கும். அது புதிய காமைச் சில நாளிலேயே தின்றுவிடும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய இஞ்சின்களைத் திறந்தபோது, ஒயில் நீர்த்துப்போய்க் காம் மேடுகள் மழுங்கிக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்த இடத்துக்கு ஒயிலின் தடிப்பே உயிர். புதிய டப்பட்டுகளுக்கு மொலிப்டினம் பசை பூசி, ஸ்டார்ட் ஆனவுடன் ஐட்லில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுழற்சிக்கு மேல் இருபது நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஒயிலை மாற்றுங்கள். ஹெட்டைச் சீவியிருந்தால் பிஸ்டனில் பிளாஸ்டிசின் ஒட்டி, கையால் சுற்றி, வால்வு தட்டுகிறதா என்று பார்த்த பின்பே அந்த முதல் ஸ்டார்ட்.