தரையில் ஓடும்போது மட்டும் கன்ட்ரோலர் ரீசெட் ஆகிறது: புதிய ஒயரிங்கில் எங்கே பிழை?

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவி, அணியின் மின்சுற்றுப் பொறுப்பு)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் ரோபோ அணியைச் சேர்ந்தவர்கள். கூடைப்பந்தைக் கருப்பொருளாகக் கொண்ட 2025ஆம் ஆண்டு ரோபோகான் என்ற மாணவர் ரோபோ போட்டிக்காகக் கட்டிய இரண்டு ரோபோக்களில் ஒன்றை, போட்டி முடிந்தபின் முழுவதுமாகக் கழற்றி, சட்டத்தைச் சிறிதாக்கி, ஒயரிங்கையும் புதிதாகப் போட்டு மீண்டும் கட்டியிருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் கைவேலை பழக வேண்டும் என்பதற்காக ஒயரிங்கின் பெரும்பகுதியை அவர்களிடமே கொடுத்தோம்.

எந்தத் திசையிலும் நகரவிடும் நான்கு மெக்கானம் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கியர் மோட்டார், மோட்டார்களுக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் நான்கு மோட்டார் டிரைவர்கள், 22.2 வோல்ட் லிப்போ பேட்டரி, ரோபோவை இயக்கும் இஎஸ்பி32 கன்ட்ரோலர் போர்டு, பேட்டரி மின்னழுத்தத்தைக் குறைத்து அதற்கு 5 வோல்ட் தரும் ஒரு பக் கன்வெர்ட்டர் ஆகியவைதான் அமைப்பு. ரோபோவின் எடை ஏறத்தாழ 32 கிலோ. சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்படி ஸ்டாண்டில் தூக்கி வைத்து ஓட்டினால் மணிக்கணக்கில் ஓடுகிறது. தரையில் இறக்கி, நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் எடுத்தால், ஐந்து முறைக்கு மூன்று முறையாவது கன்ட்ரோலர் ரீசெட் ஆகிவிடுகிறது. மின்னழுத்தம் குறைந்ததால் ரீசெட் ஆனதாகக் கன்ட்ரோலரே செய்தி அனுப்புகிறது. ஆனால் கன்வெர்ட்டரின் வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 5.02 வோல்ட் அசையாமல் நிற்கிறது. பேட்டரி முனையிலும் பெரிய இறக்கம் தெரியவில்லை. பேட்டரி, கன்ட்ரோலர், கன்வெர்ட்டர் மூன்றையும் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அடுத்த வாரம் கோவையின் கணபதி பகுதிக்குப் பக்கத்தில் வாகனங்களுக்கு ஒயரிங் தொகுப்பு செய்யும் ஒரு தொழிற்கூடத்தைப் பார்க்கப் பன்னிரண்டு பேர் போகிறோம். வெறுமனே சுற்றிப் பார்த்துவிட்டு வராமல், அங்கே எதைக் கவனிக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் (ரோபோ ஆர்வலர்)

மோட்டார்கள் திடீரென்று மின்னோட்டத்தை இழுக்கும்போது கன்ட்ரோலர் பட்டினி கிடக்கிறது. கன்ட்ரோலரின் 5 வோல்ட் பின்னுக்கு அருகில் 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போடுங்கள்; எனக்கு அதில் சரியானது.

பதில் (அணியின் பழைய மாணவி, இப்போது மின்வாகனத் துறையில்)

கெபாசிட்டரை இப்போது போடாதே தங்கச்சி. அது நோயை ஆற்றாமல் காய்ச்சலை மட்டும் தணிக்கும். பிறகு போட்டி மைதானத்தில்தான் நோய் வெளியே வரும். உன் அளவீடுகளிலேயே விடை பாதி இருக்கிறது. கன்வெர்ட்டரின் வாயில் 5.02 வோல்ட் இருக்கிறது, கன்ட்ரோலரோ குறைவு என்கிறது. இரண்டும் உண்மை என்றால், குறைவது இடையிலுள்ள ஒயரில்தான். ஆகவே கன்ட்ரோலரின் பின்களிலேயே அள.

எனக்குச் சந்தேகம் நெகட்டிவ் பக்கத்தின் மீது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், சிவப்பு முனையை டிரைவர்களுக்குப் பிரியும் இடத்திலுள்ள நெகட்டிவ் கட்டையிலும் வைத்து, அதிகபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு, தரையில் வேகமாக எடு. கல்லூரி ஆய்வகத்தில் மின்னழுத்தத்தின் கண நேர மாற்றத்தையும் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இந்த இறக்கம் கண நேரத்தில் வந்து போய்விடும். ஸ்டாண்டில் சுமை இல்லாததால் மின்னோட்டமும் சொற்பம்; அதனால்தான் அங்கே எதுவும் தெரியவில்லை. கன்வெர்ட்டருக்கு நெகட்டிவை எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள், பேட்டரியிலிருந்து நேராகவா, கட்டையிலிருந்தா?

கேள்வி கேட்டவர் (மறுநாள்)

அக்கா, கன்வெர்ட்டருக்குப் பேட்டரியிலிருந்து நேராகத்தான் எடுத்திருந்தோம். மோட்டார் இரைச்சல் வராது என்று நினைத்துச் செய்தது. டிரைவர்களின் சிக்னல் நெகட்டிவ் கன்ட்ரோலருக்கு வருகிறது. நீங்கள் சொன்ன இடத்தில் 1.9 வோல்ட் காட்டுகிறது! டிசி கிளாம்ப் மீட்டரில் அதே நேரம் 60 ஆம்பியர் வரை போகிறது. ரீசெட்டாகும் கணத்தில் கன்ட்ரோலரின் பின்களில் 4 வோல்ட்டுக்கும் கீழே இறங்குவதை ஆசிலாஸ்கோப்பில் பார்த்தோம். டிரைவர் ஒன்றிலிருந்து வரும் மெல்லிய கறுப்பு ஒயரின் மேலுறை இலேசாக இளகியிருப்பதையும் இன்றுதான் கவனித்தோம்.

பதில் (பழைய மாணவி)

இளகிய ஒயர்தான் சாட்சி. 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 60 செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிஓம்தான் மின்தடை தரும். 60 ஆம்பியரில் 0.12 வோல்ட் இறங்கலாம். உனக்கு 1.9 வோல்ட் இறங்குகிறது என்றால் வழியில் 30 மில்லிஓமுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணத்தில் 114 வாட் வெப்பம் அந்த ஒரே வழியில் எழுகிறது. பெரிய நெகட்டிவ் வழி அடைபட்டதால், மோட்டார்களின் திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு டிரைவரின் மெல்லிய கறுப்பு ஒயரில் ஏறி, கன்ட்ரோலருக்குள் புகுந்து, கன்வெர்ட்டரின் நெகட்டிவ் வழியாகப் பேட்டரிக்குப் போகிறது. போகும்போது கன்ட்ரோலரின் நெகட்டிவை மேலே தூக்கிவிடுகிறது. கன்வெர்ட்டர் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்க, கன்ட்ரோலருக்குக் கிடைப்பதோ 4 வோல்ட். நல்லவேளை, போர்டு கருகவில்லை.

அந்த நெகட்டிவ் கம்பியின் முனையில் மாட்டிய லக்கை, அதாவது இணைப்புக்கான உலோக முனையை, வெட்டி எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள். தொழிற்கூடத்துக்குக் கட்டாயம் கொண்டுபோ. அங்கே கிரிம்பிங் (லக்கைக் கம்பியின் மேல் அழுத்திப் பொருத்துவது) நடக்கும் மேசையில்தான் அதிக நேரம் நில்லுங்கள். கிரிம்பின் உயரத்தை எந்தக் கருவியால் அளக்கிறார்கள், இழுத்துப் பார்க்கும் சோதனையில் கம்பி அறுகிறதா உருவிக்கொண்டு வருகிறதா, குறுக்கே அறுத்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து)

போய் வந்தோம், அக்கா. மொத்தம் மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு மேசையிலேயே நின்றோம். அங்கே வேலை செய்யும் அம்மா ஒருவர் எங்கள் லக்கைக் கையில் வாங்கியதும், எதையும் அளக்காமலே, "இதை பிளேயர்ல நசுக்கியிருக்கீங்க, முனையில ஈயமும் வெச்சிருக்கீங்க" என்றார். இரண்டும் உண்மை. இழைகள் பிரியாமல் இருக்கட்டும் என்று எங்கள் தம்பி ஒருவர் முனையைச் சாலிடரில் (பற்றவைக்கும் ஈயத்தில்) தோய்த்துவிட்டு, 10 சதுர மில்லிமீட்டருக்கான லக்கில் 6 சதுர மில்லிமீட்டர் கம்பியை வைத்து நசுக்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சரியான முறையை நாங்கள் யாரும் அவருக்குக் காட்டித்தரவில்லை.

அழுத்தத்தில் இருக்கும் ஈயம் நாளடைவில் மெல்ல வழிந்து விலகிவிடும், அப்போது பிடிப்பு தளர்ந்துவிடும் என்று அங்கிருந்த தரச்சோதனைப் பொறியாளர் விளக்கினார். எங்கள் லக்கைக் குறுக்கே அறுத்து, தேய்த்து மெருகேற்றி, நுண்ணோக்கியில் காட்டினார். அவர்களுடைய கிரிம்பில் வட்டமான இழைகள் நெருக்குண்டு தேனடை போல இடைவெளியில்லாமல் இருந்தன; எங்களுடையதில் கறுத்த வெற்றிடங்கள் தெரிந்தன. அந்தப் படத்தை அச்சிட்டு எங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

திரும்பி வந்து, அறுகோண அச்சுள்ள கிரிம்பிங் டூலை இரவல் வாங்கி, சரியான அளவு லக் போட்டோம். கன்வெர்ட்டரின் நெகட்டிவையும் கட்டைக்கே மாற்றினோம். இப்போது அதே இடத்தில் 0.14 வோல்ட். தரையில் நாற்பது முறை முழு வேகத்தில் எடுத்தோம். ஒரு முறைகூட ரீசெட் ஆகவில்லை. மீதமுள்ள 21 லக்குகளும் அதே கையால் போட்டவை. எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா, அளந்து பார்த்துக் கெட்டதை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் (பழைய மாணவி)

எல்லாவற்றையும் வெட்டிவிடு. சாலிடர் தோய்த்த முனை இன்றைக்கு நல்ல அளவு காட்டினாலும் அடுத்த மாதம் தளரும். கம்பி நீளம் போதாத இடத்தில் ஒட்டுப்போடாமல் புதுக் கம்பி இழு. அந்த 21 லக்கையும் புதுப் பிள்ளைகளே போடட்டும், இந்த முறை நீ பக்கத்தில் உட்கார்ந்துகொள். இளகிய கறுப்பு ஒயரையும் அது வந்து சேரும் கனெக்டரையும் மறக்காமல் மாற்றிவிடு; கனெக்டரின் உலோகப் பின்னும் சூடுபட்டுத் தளர்ந்திருக்கும்.