80 பேர் உள்ள டர்னிங் யூனிட்டுக்கு சிஎன்சி ஆட்கள்: அரசு அலுவலகங்கள் வழியாக எடுப்பது எப்படி?

குறிச்சி_ஷெட் கேட்டது:

கோவையில் ஜாப் ஒர்க் யூனிட். பம்ப் ஷாஃப்ட், புஷ், கொஞ்சம் ஆட்டோ பார்ட்ஸ். காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 80 பேர். 14 சிஎன்சி (கணினி இயக்கும்) லேத், 4 விஎம்சி (கணினி இயக்கும் மில்லிங் மெஷின்). உடனே தேவை 6 ஆபரேட்டர், 2 செட்டர் (ஒவ்வொரு ஜாபுக்கும் மெஷினைத் தயார்செய்பவர்). மேன்பவர் ஏஜென்சி மூலம் வருகிறவர்கள் ரெண்டு மாசம் தாண்டுவதில்லை. பக்கத்து ஷெட்டில் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் கிளம்பிவிடுகிறார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகம், திறன் மேம்பாட்டுக் கழகம், அப்ரண்டிஸ் திட்டம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதற்கு எங்கே போவது? அப்ரண்டிஸ் எடுத்தால் பிஎஃப், இஎஸ்ஐ உண்டா? அரசு எவ்வளவு தரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

பணியாளர்_பிரிவு:

மூன்று வாசல்கள், மூன்றுக்கும் வேலை வேறு. குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஒரே மனுவைத் தூக்கிக்கொண்டு மூன்று இடத்துக்கும் அலைகிறார்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் ஆளைக் காட்டும், பயிற்சி தராது. மாநில அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் நிறுவனத்தைப் பதிந்து காலியிடத்தைப் போடலாம், கட்டணம் இல்லை. முகாம் நடக்கும்போது மேசையும் கிடைக்கும். இதில் எல்லாரும் செய்யும் தப்பு, 'சிஎன்சி ஆபரேட்டர், 6 பேர், தகுந்த சம்பளம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. அப்படிப் போட்டால் பி.காம் முடித்தவரும் வருவார், வெல்டரும் வருவார். மெஷினின் கன்ட்ரோல் ஃபானுக்கா சீமென்ஸா, டர்னிங்கா மில்லிங்கா, எத்தனை ஷிஃப்ட், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, தங்க இடம் உண்டா, பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று ஆறு விஷயமும் எழுதுங்க. தங்குமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தென் மாவட்டத்துப் பையன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டாவது, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம். ஐடிஐ, அப்ரண்டிஸ் எல்லாம் இதன் கீழ். உங்கள் தேவைக்கு முதலில் போகவேண்டிய வாசல் இதுதான்.

மூன்றாவது, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். குறுகிய காலப் பயிற்சிக்கு நிதி தருவது இது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தை நடத்துவதும் இதுவே. ஷெட்டுக்குள்ளேயே பயிற்சி நடத்திச் செலவை இவர்களிடம் வாங்கலாமே என்று தோன்றும். அதற்கு வகுப்பறை வேண்டும், தகுதிச் சான்று பெற்ற பயிற்றுநர் வேண்டும், விரல்ரேகை வருகைப்பதிவு வேண்டும், ஒரு பேட்ச் சேரும் அளவுக்கு ஆள் வேண்டும். பணமும் தவணையாகத்தான் வரும். கடைசித் தவணைக்கு வேலை கொடுத்த ஆதாரம் கேட்பார்கள். ஆறு பேருக்காக இதில் இறங்காதீங்க. பக்கத்தில் நாலைந்து யூனிட் சேர்ந்து சங்கம் வழியாகப் போனால் யோசிக்கலாம்.

---

பழகுநர்_மேசை:

அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர், கணக்கை மட்டும் சொல்கிறேன்.

1961 தொழிற்பழகுநர் சட்டம், 2019இல் திருத்திய விதிகள். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பழகுநர் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 வரை என்றால் விருப்பம். மொத்த ஆட்களில், காண்ட்ராக்ட் உட்பட, 2.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் 80க்கு 2 முதல் 12 வரை. அதாவது நீங்கள் 'எடுக்கலாமா' என்று கேட்கிறீர்கள், சட்டப்படி ஏற்கெனவே இரண்டு பேர் இருந்திருக்க வேண்டும்.

2019 விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை மாதம்: பத்தாவது முடித்தவர் 6,000, பன்னிரண்டாவதும் ஐடிஐயும் 7,000, டிப்ளமோ 8,000, டிகிரி 9,000. இரண்டாம் ஆண்டு 10 சதவீதம் கூடும். இதை 36 சதவீதம் உயர்த்தச் சொல்லி மத்திய பழகுநர் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. ஆகவே ஒப்பந்தம் போடுகிற அன்று அரசின் பழகுநர் போர்ட்டலில் உள்ள தொகையைப் பார்த்துப் போடுங்க, என் கணக்கை நம்பிப் போட வேண்டாம்.

தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு 25 சதவீதம் தரும், உச்சவரம்பு மாதம் 1,500 ரூபாய். 7,000க்கு 25 சதவீதம் 1,750 வருகிறது, ஆனாலும் கிடைப்பது 1,500தான். மீதி 5,500 உங்களுடையது. நீங்கள் 13,000 கொடுத்தாலும் அரசுப் பங்கு அதே 1,500. கோவையில் வெறும் 7,000க்கு யாரும் ஊர் விட்டு வரமாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த 1,500 உங்கள் கணக்குக்கு வராது, 2023இலிருந்து நேரே பழகுநரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நீங்கள் உங்கள் பங்கைக் கொடுத்து அதைப் போர்ட்டலில் பதிந்தால்தான் அது நகரும். நின்றுபோகும் பத்துக் கேஸில் பெரும்பாலானவை ஆதார் சமாச்சாரம்: கணக்கில் ஆதார் இணைந்திருக்கும், ஆனால் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு வேறு பழைய வங்கி முன்னால் நிற்கும், அல்லது ஆதாரில் 'மு. கார்த்திக்', மார்க் ஷீட்டில் 'கார்த்திக் மு'. சேரும் நாளிலேயே பையனை வங்கிக்கு அனுப்பிச் சரிபார்த்துவிடுங்க. ரெண்டு மாசம் பணம் வராவிட்டால் அவன் திட்டுவது அரசாங்கத்தை அல்ல, உங்களை.

டிப்ளமோ, டிகிரி ஆட்களுக்கு வேறு திட்டம், வேறு போர்ட்டல். சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் பார்க்கிறது. அங்கே குறைந்தபட்சத் தொகையில் பாதி அரசு ஏற்கும். ஆபரேட்டருக்கு அது வேண்டாம்; குவாலிட்டி, புரோகிராமிங் பக்கம் ஆள் தேவைப்பட்டால் பாருங்க.

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் சட்டப்படி பதிவான பழகுநருக்குக் கிடையாது. 'சட்டப்படி பதிவான' என்பதுதான் முக்கியம். போர்ட்டலில் ஒப்பந்தம் இல்லாமல் 'ட்ரெய்னி' என்று மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) எழுதிவைத்தால் ஆய்வுக்கு வருகிறவர் அவரைத் தொழிலாளியாகவே எண்ணுவார். இன்னொன்று: இஎஸ்ஐ இல்லை என்பதால் விரல் போனால் இழப்பீடு முழுக்க உங்கள் தலையில். பணியாளர் இழப்பீட்டு பாலிசியில் பழகுநர்களின் பெயரையும் சேர்த்துவிடுங்க. இதை மறக்காத யூனிட் குறைவு.

---

டர்னர்_வாத்தியார்:

ஐடிஐ பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

உங்களுக்கு ஒத்துவரும் பிரிவுகள் டர்னர், மெஷினிஸ்ட். இரண்டும் இரண்டு வருடம். ஃபிட்டர் அதிகம் கிடைப்பார்கள், ஆனால் அவர்களுக்கு லேத் பழக்கம் குறைவு, ஒரு மாதம் கூடுதலாக வையுங்க. டாடா டெக்னாலஜிஸ் கூட்டோடு 71 அரசு ஐடிஐகள் நான்காம் தலைமுறைத் தொழில்நுட்ப மையங்களாக மாறின. அங்கே மேம்பட்ட சிஎன்சி எந்திரப் பிரிவு தனியாகவே உண்டு. அந்தப் பையன்களுக்கு கன்ட்ரோல் பேனல் புதிதல்ல. ஆனால் ஒரே நாளில் 300 பீஸ் ஓட்டிய அனுபவம் இருக்காது, இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) தேயும்போது சத்தம் எப்படி மாறும் என்பதும் தெரியாது. அதை வகுப்பில் சொல்லித்தர முடியாது.

முதலாளிகள் செப்டம்பரில் வந்து ஆள் கேட்பார்கள். அதற்குள் பெரிய கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போயிருக்கும். இறுதித் தேர்வு ஆடி மாத வாக்கில் வரும், நீங்கள் தை மாசியிலேயே வந்துவிடுங்க. இரண்டாம் ஆண்டுப் பையன்களை ஒரு நாள் ஷெட்டுக்கு அழைத்துக் காட்டுங்க. பிளேஸ்மென்ட் அலுவலரிடம் கடிதம் கொடுத்துவிட்டுப் போனால் அது ஃபைலில்தான் இருக்கும்.

நீண்ட காலத்துக்கு இரட்டைமுறைப் பயிற்சி பாருங்க. ஐடிஐயோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டால், ஒரு வருடப் படிப்பில் 3 முதல் 6 மாதம், இரண்டு வருடப் படிப்பில் 6 முதல் 12 மாதம் மாணவர் உங்கள் ஷெட்டில் பழகுவார். படிப்பு முடியும்போது உங்கள் டிராயிங்கும் உங்கள் மெஷினும் கைப்பழக்கமாகியிருக்கும்.

நேர்காணலில் 'ஜி 71 என்றால் என்ன' என்று புரோகிராம் குறியீடெல்லாம் கேட்காதீர்கள், மனப்பாடம் செய்துகொண்டு வருவான். ஒரு ஷாஃப்ட், அதன் டிராயிங், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு வெர்னியர் கொடுங்க. ஐந்து அளவு எடுத்து எழுதச் சொல்லுங்க, பதினைந்து நிமிஷம். மைக்ரோமீட்டரில் முதலில் ஜீரோ பார்க்கிறானா, ராட்செட்டைத் திருப்புகிறானா (அதுதான் சரி), திம்பிளை நெரிக்கிறானா என்று பாருங்க. போதும்.

---

குறிச்சி_ஷெட்:

நன்றிங்க. ஒரு சந்தேகம். எனக்கு ஆள் பற்றாக்குறை மூணாவது ஷிஃப்டில்தான். அப்ரண்டிஸை நைட்டில் போடலாமா? ஓடி (ஓவர்டைம்)?

---

பழகுநர்_மேசை:

நீங்களாகப் போட முடியாது. இரவு 10 முதல் காலை 6 வரை பயிற்சிக்கு நிறுத்த, பழகுநர் ஆலோசகரின் (இந்தச் சட்டத்தைப் பார்க்கும் அரசு அதிகாரி) முன் அனுமதி வேண்டும். பயிற்சிக்கு அது தேவை என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் தருவார். ஓடிக்கும் அதே கதை. பழகுநர்களைப் பகல் ஷிஃப்டில் வைத்து, அங்கே தேறிய ஆட்களை நைட்டுக்கு நகர்த்துவதுதான் வழி. நைட்டை நிரப்பத்தான் இந்தத் திட்டம் என்று கணக்குப் போட்டிருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்க.

---

ஆஃப்செட்_காரர்:

எத்தனை நாளில் மெஷினில் தனியாக நிறுத்தலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. ஐடிஐ டர்னருக்கு நான் வைக்கும் கணக்கு ஆறு வாரம்.

முதல் வாரம் மெஷின் கிடையாது. டிராயிங், மைக்ரோமீட்டர், போர் டயல் (துளை அளக்கும் கருவி). இருபது பீஸை அவன் அளக்கட்டும், இன்ஸ்பெக்டரும் அளக்கட்டும். வித்தியாசம் 0.01 மி.மீ.க்குள் வரும்வரை திரும்பத் திரும்ப.

இரண்டும் மூன்றும் லோடிங், அன்லோடிங், சக் (பீஸைப் பிடிக்கும் பாகம்) பிரஷர், சாஃப்ட் ஜா (சக்கின் மென்மையான தாடை), இன்சர்ட் மாற்றுவது. மெல்லிய புஷ்ஷில் பிரஷர் கூடினால் கழற்றியதும் ஓவலாகிவிடும் என்பதை ஒரு பீஸை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டுங்க, ஜென்மத்துக்கும் மறக்காது.

நாலாவது வாரம் வேர் ஆஃப்செட், அதாவது டூல் தேய்வதற்கு ஏற்ப மெஷினில் அடிக்கும் திருத்தம். விபத்தும் ஸ்கிராப்பும் இங்கேதான். வெளிவிட்டம் 0.04 கூடுதலாக வந்தால் எக்ஸ் அச்சில் மைனஸ் 0.04. விட்டக் கணக்கு, பாதியாக்கக் கூடாது. துளை 0.04 குறைவாக வந்தால் பிளஸ். புதியவர்கள் செய்வது மூன்று தப்பு: குறி மாறுவது, 0.04க்கு 0.4 அடிப்பது, கூட்ட வேண்டிய இடத்தில் பழைய மதிப்பை அழித்துப் புதிதாக எழுதுவது. ஃபானுக் லேத்தில் வேர் ஆஃப்செட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் பாராமீட்டர்கள் உண்டு, 5013, 5014. சர்வீஸ் ஆளிடம் சொல்லி வரம்பு போட்டுவிடுங்க. 0.4 அடித்தால் மெஷினே ஏற்காது. புரோகிராம் எடிட் சாவி செட்டரிடம் இருக்கட்டும்.

ஐந்தும் ஆறும் ஒரே பார்ட், ஒரே மெஷின், பக்கத்தில் பழைய ஆபரேட்டர். ஆறாம் வாரம் முடிவில் தொடர்ந்து மூன்று நாள் ரிஜெக்‌ஷன் உங்கள் வழக்கமான அளவுக்குள் இருந்தால் தனியாக விடுங்க.

செட்டர் எந்த அலுவலகத்திலும் கிடைக்கமாட்டார், அதில் நேரம் போக்காதீங்க. இப்போது இருக்கும் ஆபரேட்டர்களில் இருவரைப் பகலில் செட்டிங்குக்கு இழுத்து, அவர்கள் விட்ட மெஷினுக்குப் பழகுநரைக் கொண்டுவாங்க. நாலு மாசம் பிடிக்கும்.

பையன்கள் ஓடுவதற்குக் காரணம் ஐந்நூறு ரூபாய் மட்டும் இல்லை. ஒரு வருஷம் முழுக்க லோடிங் மட்டும் செய்யவைத்தால் எவன் இருப்பான்?

---

குறிச்சி_ஷெட்:

புரிகிறது. ஆனாலும் ஆறு வாரம் சொல்லிக்கொடுத்து, வருஷம் முடிந்ததும் போய்விட்டால்? பாண்ட் எழுதி ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைக்கலாமா?

---

பழகுநர்_மேசை:

சர்டிபிகேட்டைத் தொடாதீங்க. அது வம்பு, அதோடு அந்தப் பேச்சு ஐடிஐக்குப் போனால் அடுத்த வருஷம் யாரும் வரமாட்டார்கள்.

சட்டத்திலேயே வழி இருக்கிறது, பிரிவு 22. பயிற்சி முடிந்தபின் இத்தனை காலம், இந்தச் சம்பளத்தில் உங்களிடம் வேலை செய்வார் என்று பழகுநர் ஒப்பந்தத்திலேயே நிபந்தனை எழுதலாம். எழுதினால் அவரும் கட்டுப்படுவார், நீங்களும் வேலை கொடுத்தே ஆகவேண்டும். காலமோ சம்பளமோ நியாயமாக இல்லை என்று பழகுநர் ஆலோசகர் நினைத்தால் திருத்திவிடுவார். எனவே மூன்று வருஷம், 12,000 என்றெல்லாம் எழுதாதீங்க. ஒரு வருஷம், அன்றைக்குப் புது ஆபரேட்டருக்கு நீங்கள் கொடுக்கும் சம்பளம் என்று எழுதினால் நிற்கும். நிபந்தனை எழுதாவிட்டால் இருவருக்கும் கட்டாயமில்லை.

வருஷக் கடைசியில் அகில இந்தியத் தொழில் தேர்வு இருக்கிறது. தேறினால் தேசிய பழகுநர் சான்றிதழ். ரயில்வே, பொதுத்துறை வேலைக்கு அது பயன்படும் என்று பையன்களுக்குத் தெரியும், அதற்காகவே பலர் பாதியில் போகாமல் இருப்பார்கள். மாதாமாதம் பயிற்சிப் பதிவேட்டை நிரப்பிவையுங்க. தேர்வு நேரத்தில் ஒரே ராத்திரியில் பன்னிரண்டு மாதத்தையும் ஒரே பேனாவில் எழுதினால் யாருக்கும் தெரியாமல் போகாது.