ஆத்துல இறங்குறதுக்கு முந்தின ராத்திரி: உங்களுக்கு நடந்தது என்ன?

உட்லண்ட்ஸ்காரன்:
இன்னும் மண்டையை விட்டுப் போகல, அதான் எழுதுறேன். நாங்க நாலு பேர். கம்போடியா, ஸ்டுங் திரெங்லேர்ந்து கிராத்தியே வரைக்கும் காயாக். 1866ல பிரெஞ்சுக்காரங்க மெக்கோங்கை ஆராயப் போன அதே வழின்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சோம். முந்தின ராத்திரி எங்க அடுக்குமாடி புளோக் கீழ கல்மேசை பூரா சாமான். பக்கத்து மேசையில ஒரு தாத்தா. சிங்கப்பூர் ஆத்துல தொங்கான்ல, அதான் சரக்குப் படகுல, மூட்டை தூக்கினவர். 1983ல தொங்கானையெல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு ஓட்டிட்டுப் போனப்போ வேலையை விட்டவர். எழுந்து வந்தார். ஒரு பையை எடுத்துத் தரையில வச்சார்.

"தம்பி, இது ஆத்தோட போச்சு. இப்ப என்ன மிச்சம்?"

பார்த்தா, நாலு பேரோட மாத்திரை, தண்ணி வடிகட்டி, லைட்டர் எல்லாமே அதுக்குள்ளதான். ஒருத்தனும் வாயைத் திறக்கல. அவர் மைலோ கிளாஸை எடுத்துக்கிட்டு லிஃப்ட் பக்கம் போயிட்டார்.

பழைய பாலம்:
அதே வழி இல்ல சார். அவங்க சைகோன்லேர்ந்து மேல ஏறினாங்க, நீங்க இறங்கினீங்க. கிராத்தியேயில நீராவிக் கப்பலை விட்டுட்டு மரத் தோணிக்கு மாறி, கோன் அருவியில முட்டி நின்னவங்க. கிளம்பினது ஜூன் 5. ஒயினும் பிராந்தியும் நூத்துக்கணக்குல லிட்டர் ஏத்தியாச்சு, சீனாவுக்கான பாஸ்போர்ட் மட்டும் கைக்கு வரல! அதுக்காகவே அந்தக் குழுவுல இருந்த கார்னியே அப்புறம் புனோம் பென் வரைக்கும் திரும்பி வரவேண்டியதாச்சு. என் கதையும் பாஸ்போர்ட்தான். சாங்கி ஏர்போர்ட் கவுண்டர்ல அந்தப் பொண்ணு காலாவதித் தேதி மேல விரலை வச்சு, நிமிராமலே, "ஆறு மாசம் இல்லியே அங்கிள்" என்றது. அந்த விரல், அந்த ஊதா நகப்பூச்சு, இன்னும் கண்ணுல நிக்குது.

செங்காங் அக்கா:
மலேசியாவுல தாமான் நெகாரா காட்டுல, தெம்பெலிங் ஆத்துல எங்க அரிசி மூட்டை நனைஞ்சுது. அவ்வளவுதான் என் கதை. ஆனா கேளுங்க, எதையும் ஒரே படகுல வைக்காதீங்க. 1869ல கொலராடோ ஆத்தை ஆராய, பவல்னு ஒரு அமெரிக்கர் ஒன்பது பேரோட, நாலு படகுல, பத்து மாசச் சாப்பாட்டோட அதுல வந்து சேர்ற கிரீன் ஆத்துல இறங்கினார். வலது கை இல்லாத மனுஷன். சாமானைப் பிரிச்சுத்தான் வச்சார், ஆனா காத்தழுத்தமானிங்க மட்டும் எப்படியோ ஒரே படகுல சேர்ந்துபோச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் படகே பாறையில மோதி உடைஞ்சுது. உடைஞ்ச துண்டுக்குள்ளேர்ந்து அந்தக் கருவிங்களை மீட்டாங்க, கூடவே ஆளுங்க திருட்டுத்தனமா ஏத்தின விஸ்கிப் பீப்பாயும்! அதனால மாத்திரையை ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிங்க. குப்பைப் பை ரெண்டு அடுக்காப் போடுங்க. வாயை முறுக்கி, மடிச்சு, ரப்பர் பேண்ட். அரிசியைப் பிளாஸ்டிக் பாட்டில்ல அடைங்க. தீப்பெட்டி வேண்டவே வேண்டாம். செருப்புக்கு வார் இருக்கணும். அப்புறம் மஞ்சள்தூள்...

உட்லண்ட்ஸ்காரன்:
அக்கா, நாங்க போயிட்டு வந்து வருஷக்கணக்காச்சு. பாலம் சார், ஏறுமுகமோ இறங்குமுகமோ, ஆறு அதேதான். நான் கேக்க வந்தது வேற. மார்சிலிங்ல தொங்கான் தாத்தான்னு யாருக்காவது தெரியுமா? திரும்பி வந்து பார்த்தப்போ அந்த மேசையில வேற ஆள் உக்காந்திருந்தார்.