வகுப்பறைக்கே வந்து வழிகாட்டியவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தொடக்கப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்:

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்க வைக்கும் உள்ளடக்கிய கல்விக்கான பயிற்சி என்றால் வட்டார வள மையத்து ஹாலும் புரொஜெக்டரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதில் உள்ள 21 வகைக் குறைபாடுகள் எல்லாம் நான் அங்கே தெரிந்துகொண்டவைதான். அதுவும் தேவைதான். ஆனால் என் மூன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருக்கிறான். மணிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். மறுநாள் காலை அவனை என்ன செய்வது என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கவென்றே பயிற்சி பெற்ற ஒரு சிறப்பாசிரியர் மேடம் என் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தபோதுதான் வழி தெரிந்தது. காலை முழுக்க அவர் பேசவே இல்லை. பையன் எப்போது எழுகிறான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, ஓடிய பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். இடைவேளையில் காட்டினார். மணி மட்டும் காரணம் இல்லை. எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போதும் எழுந்திருக்கிறான். அவன் இடமோ, மணி தொங்கும் வராண்டாவை ஒட்டிய வாசல் பக்கம்.

அப்புறம் செய்ததெல்லாம் செலவே இல்லாத காரியங்கள். அவன் இடத்தை உள்சுவர் பக்கம் மாற்றினோம். அன்றைக்கு நடக்கப்போவதைப் படங்களாக ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டினோம். ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே எடுத்து டப்பாவில் போடுவான். மணி அடிக்கும் முன்பே மணிப் படத்தைத் தொட்டுக் காட்டிவிடுவேன். கூட்டாக வாசிப்பதை விட்டுவிட்டு இரண்டிரண்டு பேராக மெதுவாக வாசிக்க வைத்தேன். அதில் இன்னொரு நன்மை, மற்ற பிள்ளைகளில் யார் எந்த எழுத்தில் திணறுகிறார்கள் என்பதும் என் காதில் விழ ஆரம்பித்தது. இன்னும் சில நாள் ஓடத்தான் செய்கிறான். ஆனால் ஏன் ஓடினான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

இப்படி உங்கள் பள்ளிக்கு யாராவது வந்தார்களா? எது பலித்தது?

சிறப்பாசிரியர், திண்டுக்கல் மாவட்டம்:

டீச்சர், படித்ததும் மனசு நிறைந்தது. நானும் ஓர் ஒன்றியத்தில் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறேன். சில பள்ளிகளில் நான் நுழைந்ததுமே, "உங்க பிள்ளை வந்திருக்கு மேடம், கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். தனி அறையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினால், அடுத்து நான் வரும்வரை அந்தப் பிள்ளைக்கு யார்? அதனால் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டேன். வகுப்பாசிரியர் பாடம் நடத்தும்போது கூடவே நின்று, அதே பாடத்தை இந்தப் பிள்ளைக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று செய்துகாட்டுகிறேன். அறிவுசார் குறைபாடு உள்ள ஓர் ஐந்தாம் வகுப்புப் பெண் இருக்கிறாள். குழுவில் மற்றவர்கள் மூன்றாம் வாய்ப்பாட்டுக் கணக்கு போடும்போது, அவர்களுக்கான புளியங்கொட்டைகளை மூன்று மூன்றாக எண்ணி வைப்பது அவள் வேலை. அவள் எண்ணி வைத்தால்தான் மற்றவர்கள் கணக்கைத் தொடங்க முடியும்.

ஒன்று சொல்ல வேண்டும். தொடக்க நிலையில் மாற்றுத்திறன் உள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற அளவை உச்ச நீதிமன்றம் 2021ல் சொன்னது. என் கையில் இருக்கும் பள்ளிகளின் பட்டியலைப் பார்த்தால் அது வெகு தூரத்தில் இருக்கிறது. ஆளைக் கொடுக்காமல், "வகுப்புக்குள் போய் வழிகாட்டுங்கள்" என்று சொன்னால் எப்படி முடியும்?

கணித ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி, மதுரை:

ஹாலில் நடக்கும் பயிற்சியை அப்படியே ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எனக்குக் கிடைத்ததே ஒரு நாள் பயிற்சிதான். ஆனால் நடத்தியவரே காதுக்கருவி அணிந்தவர். எங்கள் காதில் பஞ்சை வைக்கச் சொல்லிவிட்டு, மின்விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிட்டு, கரும்பலகையைப் பார்த்தபடி பத்து வார்த்தைகளைச் சொன்னார். எங்கள் தாள்களில் பாதி காலியாக இருந்தது. "உங்க வகுப்புல என்னை மாதிரி ஒரு பையன் இருந்தா அவன் நோட்டும் இப்படித்தான் இருக்கும் சார்" என்றார். காதுக்கருவி நம் குரலை மட்டும் பெரிதாக்குவதில்லை, விசிறி, பெஞ்சு இழுபடும் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்கும் என்பது அன்றைக்குத்தான் ஆழமாகப் பதிந்தது.

மறுநாளிலிருந்து எழுதி முடித்துத் திரும்பிய பிறகுதான் பேசுகிறேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகி உதட்டசைவு தெரியாது, அதனால் அங்கே நிற்பதில்லை. கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்தால் அதை ஒருமுறை நானே திருப்பிச் சொல்கிறேன். நடத்துபவர் யார் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது டீச்சர்.

ஓர் அம்மா, கோவை:

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். தனியார் பள்ளியில் படிக்கிறாள். "ஏழாம் வகுப்பு மாடியில்தான், லிஃப்ட் இல்லை, சிறப்புப் பள்ளி பாருங்கள்" என்றார்கள். ஒரு தொண்டு நிறுவனத்து ஆலோசகரை அழைத்துப்போனேன். அவர் சண்டை போடவில்லை. பள்ளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏழாம் வகுப்பைக் கீழே நடத்த என்ன தடை என்று கேட்டார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும் 16ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். பாகுபாடில்லாமல் சேர்ப்பது, கட்டடத்தை எல்லோரும் அணுகும்படி வைப்பது இரண்டும் அதில் இருக்கின்றன. கீழே இருந்த நான்காம் வகுப்பு மேலே போனது, மகளின் வகுப்பு கீழே வந்தது.

அவளுடைய கால் தரையைத் தொடாமல் தொங்குவதையும் அவர்தான் கவனித்தார். காலடியில் ஒரு பலகை, முழங்கை படியும் உயரத்தில் மேசை. எழுதும்போது கை சீக்கிரம் சோர்ந்துபோவது குறைந்தது. ஆனால் எனக்குப் பெரிய விஷயம் கழிவறைதான். உட்கார்ந்து எழக் கஷ்டம் என்பதால் பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். அவரிடம்தான் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. கைப்பிடி வைத்து, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார்கள். இப்போது பாட்டில் காலியாகி வீட்டுக்கு வருகிறது.

ஒரு தந்தை, திருச்சி:

மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. தேர்வுச் சலுகை கேட்டால், மற்ற பையன்கள் கேலி செய்வார்கள் என்று பயப்படுகிறான். என்ன செய்யலாம்?

சிறப்பாசிரியர், திண்டுக்கல் மாவட்டம்:

அண்ணா, கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும். கடைசி நேரத்துக்கு விடாமல் இப்போதே சான்று வாங்கிவிடுங்கள். சொல்வதை எழுதுபவரை முதன்முதலாகப் பொதுத்தேர்வு அறையில் சந்திக்கிற பிள்ளைகள் தடுமாறிப்போகிறார்கள். கணக்கின் ஒவ்வொரு படியையும், படத்தில் எந்தக் கோடு எங்கே என்பதையும் வாயால் சொல்ல வேண்டுமே. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பள்ளித் தேர்வுகளை அப்படி எழுதவையுங்கள். கூடப் படிப்பவர்களுக்கும் அது பழகிவிடும். பள்ளி தயங்கினால் எந்த ஒன்றியம் என்று சொல்லுங்கள், அங்கே யாரைப் பார்ப்பது என்று விசாரித்துச் சொல்கிறேன்.