மறுமொழி: இரத்த ஸ்கிரீனிங்குக்கு ‘ஐயமறி சோதனை’

ஐயா, வணக்கமுங்க. தானமாக வந்த இரத்தத்தில் தொற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் ‘ஸ்கிரீனிங்’குக்கு நான் சொன்ன தமிழ்ச்சொல் ‘ஐயமறி சோதனை’. அதற்கு நீங்கள் கேட்டது:

> ‘நோயறி சோதனை’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

இதுதான் எனக்கு ஒப்பவில்லை. தானமாக வந்த ஒவ்வொரு யூனிட்டிலும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் பார்த்தாக வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அங்கே கேள்வி, இந்தப் பையை இன்னொருவருக்கு ஏற்றலாமா கூடாதா என்பது மட்டும்தான். எதையும் தவறவிடக் கூடாது என்றே எலிசா என்னும் இரத்தச் சோதனையை அமைத்திருக்கிறார்கள். அதனால் தொற்றே இல்லாதவர் இரத்தமும் சில சமயம் அதில் மாட்டும். திருப்பூர் பனியன் கம்பெனி செக்கிங்கில் சந்தேகப்பட்ட பீஸைத் தனியே போடுவார்களே, அதேதான்.

சோதனையில் இப்படி மாட்டிய இரத்தத்தை லேபில் ‘ரியாக்டிவ்’ என்பார்கள். பையை அழித்துவிடுவார்கள். எச்.ஐ.வி. என்றால் கொடுத்தவரை நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் அரசு மையம்) அனுப்பி மறுபடி பார்ப்பார்கள்; முடிவு அங்கேதான். ஈரோட்டில் கல்லூரி முகாமில் இரத்தம் கொடுத்த பையனுக்கு ‘நோயறி சோதனையில் தெரியவந்தது’ என்று கடிதம் போனால் வீட்டில் என்ன நடக்கும், யோசித்துப் பாருங்க.

ஆகவே ஸ்கிரீனிங் ‘ஐயமறி சோதனை’, ரியாக்டிவ் ‘ஐயத்துக்குரியது’, பிறகு செய்வது ‘உறுதிச் சோதனை’. ஸ்கிரீனிங்குக்கு ‘சலித்தல்’ என்பது எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ‘குருதிச் சலிப்பு’ என்று எழுதினால், இரத்தம் கொடுத்தே சலித்துப்போனவர் கதை மாதிரி இருக்கிறது! ‘திரையிடல்’ தியேட்டர்காரர்களுக்கே இருக்கட்டும்.

மேலே சொன்ன ஐந்து தொற்றுக்கும் பொதுவாக ‘குருதிவழித் தொற்று’ என்றால் ஊசியைப் பகிர்ந்து வருவதும் அதில் சேர்ந்துவிடும். ‘குருதியேற்றத் தொற்று’ சரியாக வரும்.

அப்புறம் ‘விண்டோ பீரியட்’. தொற்றிய புதிதில் சோதனைக்குச் சிக்காத நாட்கள் அவை. கிருமியின் மரபணுவையே தேடும் ‘நாட்’ (NAT) சோதனை அந்த நாட்களைக் குறைக்கும், முழுக்க நீக்காது. பச்சை குத்தி ஓராண்டு ஆகாதவரை முகாமில் திருப்பி அனுப்புவது, அந்த ஊசியில் தொற்றியிருந்தாலும் சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால்தான். ‘சாளரக் காலம்’ என்றால் ஒருவருக்கும் விளங்காது, ‘மறைகாலம்’ எனலாமா? நோய் அறிகுறி தோன்றாத இன்குபேஷன் காலத்துக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே யாராவது எடுத்துவிட்டார்களா என்று மருத்துவம் படித்தவர்கள் சொன்னால் நல்லதுங்க.