பிள்ளைகளைச் சந்தைக்குக் கூட்டிப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டா?

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன், ஒன்பது பத்து வயசுப் பிள்ளைகள். நோட்டில் 'பீர்க்கங்காய்' என்று முத்து முத்தாக எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு பீர்க்கங்காயையே மேசைமேல் வைத்து இது என்ன என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் "பிபாங்காய்" என்று வீட்டில் பேசுகிற கிரியோல் மொழியில் சொல்கிறார்கள், இரண்டும் ஒன்று என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. போர்ட் லூயி சந்தைக்கே கூட்டிப் போகலாமா என்று யோசிக்கிறேன். பரீட்சைக்கு உதவுமா என்று பெற்றோர் இரண்டு பேர் முகம் சுளிக்கிறார்கள்.

பதில் 1
முதல் தடவை எனக்குச் சொதப்பல்தான் டீச்சர். சுற்றிப் பாருங்கள் என்று விட்டேன், அலூடா என்கிற குளிர்ந்த பால் பானம் குடித்துவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த தடவை ஆளுக்கொரு 25 ரூபாய்த் தாளும் தமிழில் மட்டும் எழுதிய ஒரு சீட்டும் கொடுத்தேன், படம் கிடையாது. ஒரு சின்னப் பெண் கீரைக் கடை முன்னால் நின்று எழுத்துக்கூட்டி, கொத்... தமல்... லி, கொத்தமல்லி என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தவள், திடீரென்று "ஏ, கோதோமிலி!" என்று கத்தினாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. கறிவேப்பிலை காரிபுலே, முருங்கைக்கீரை ப்ரேத் முரூம், வீட்டில் பாட்டி வைக்கிற ரசோன் நம்ம ரசம் என்று அவர்களே பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பதில் 2
அந்தத் தாளைச் செலவழிக்கும் முன்னால் படிக்கச் சொன்னீர்களா? நம் ரூபாயில் தமிழ் எழுத்தும் இருக்கிறது, தமிழ் எண்ணும் இருக்கிறது. 1998இல் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்து, நம்மவர்கள் சண்டை போட்டு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற வைத்த கதையையும் அங்கேயே சொல்லலாம். கையில் காசு இருக்கும்போது பிள்ளைகள் நன்றாகவே கேட்கிறார்கள்!

பதில் 3
நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். சந்தைக்குப் போனதாலேயே படித்துவிட மாட்டார்கள். அனுபவம் வழியாகக் கற்பது பற்றி எழுதிய டேவிட் கோல்ப் என்கிற கல்வியாளர் 1984இல் சொன்னதும் அதுதானே: செய்து பார், செய்ததை யோசி, அதிலிருந்து ஒரு விதியைப் பிடி, மறுபடி செய்து பார். திரும்பி வந்து அரை மணி நேரம் பேசாவிட்டால் அது வெறும் பிக்னிக். சீட்டில் பாகற்காயும் வையுங்கள். அதற்குக் கிரியோலில் மார்கோஸ், தமிழோடு ஒட்டவே ஒட்டாது, ஏன் இது மட்டும் வேறு என்று அவர்களே கேட்பார்கள். பரீட்சையில் எழுதவேண்டிய ழகர ளகரத்தையும் அந்த அரை மணியில் பார்த்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்
சரி, வருகிற சனிக்கிழமை போகிறோம். முகம் சுளித்த இரண்டு அம்மாக்களையும் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன், பாகற்காய்ச் சீட்டு அவர்கள் பிள்ளைகளுக்குத்தான்.