காலண்டர் தாளில் ஒரு மிக்ஸியின் விலை

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

விலை ஏறி இறங்குவது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. கணவருக்குக் கொலுசுப் பட்டறை. 2025 தீபாவளிக்கு முந்தைய வாரம் சென்னையில் வெள்ளி கிலோ 2 லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, காலையில் பேசிய ஆர்டரை மாலையில் மறுபடி பேச வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் அவர் கோபப்பட்டதில்லை. அன்றைய வெள்ளி விலை கடைத்தெரு முழுக்கத் தெரியும். பேரமெல்லாம் கூலியிலும் சேதாரத்திலும்தான். அதே மனிதர் ஒரு மிக்ஸிக்காகக் கைபேசியைக் கட்டிலில் வீசினார்.

பழைய மிக்ஸி புகைந்து நின்ற அன்று காலை, இணையத்தில் 750 வாட் மிக்ஸி ஒன்று 3,249 ரூபாய். "சாயங்காலம் வந்து பார்க்கிறேன்" என்று பட்டறைக்குப் போய்விட்டார். சாயங்காலம் 3,899. என்னைத்தான் முறைத்தார், நான் ஏதோ ஏற்றிவிட்டதுபோல.

மறுநாளிலிருந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தேன். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே மிக்ஸி கணக்கு. 3,899, 3,899, 3,549, 3,720. 3,549 என்று இருந்த நாளில், மேலே 7,899 என்று எழுதி ஒரு கோடு இழுத்து, "55% தள்ளுபடி" என்று போட்டிருந்தார்கள். அந்த 7,899 அட்டைப்பெட்டியில் அச்சடித்த அதிகபட்ச விலை. அந்த விலைக்கு அதை யார் வாங்கியிருப்பார்கள் என்று தெரியவில்லை. ஐந்து ரோடு சந்திப்பில் ஒரு கடையில் விசாரித்தேன், பேரமே பேசாமல் 3,450 சொன்னார்கள். அதிலிருந்து கோடு போட்ட எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

"இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்று சிவப்பில் ஒரு வரி. ஒன்பது நாள் பார்த்தேன், அந்த இரண்டும் விற்கவே இல்லை. என் மகன் சிரித்தான். பொய் அவசரம் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை செய்துவிட்டதாம். அப்படித் தடை செய்யப்பட்ட தந்திரங்கள் மொத்தம் 13. 1915 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம் என்றான். அன்று அவன் கைபேசியில் அதே மிக்ஸி 3,399, என்னுடையதில் 3,549. அவன் கணக்கில் ஏதோ கூப்பன் விழுந்திருந்தது. எனக்கு உறுத்தியது இதுதான். வெள்ளி விலை ஊருக்கே ஒன்று. இங்கே ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு ஒரு விலை, பிள்ளைக்கு ஒரு விலை.

பிறகு கணவர்தான் வழி சொன்னார்: "அவன் என்ன விலை போட்டால் என்ன, நீ என்ன விலைக்கு வாங்குவாய் என்று முதலில் எழுது." தாளில் 3,300 என்று எழுதி வட்டம் போட்டேன். பதினான்காம் நாள் 3,289 வந்தது. பணம் கட்டும் பக்கத்தில் 3,588 என்று காட்டியது. கீழே, கூடுதல் உத்தரவாதம் 299 ரூபாய் என்ற கட்டத்தில் நான் கேட்காமலேயே டிக் போட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு வாங்கினேன். வந்த அன்றே தேங்காய்ச் சட்னி அரைத்தாயிற்று.

இரண்டு நாள் கழித்து 3,099. திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கலாமே என்றான் மகன். சட்னி அரைத்த ஜாரைக் கழுவிப் பெட்டியில் வைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வாங்கிய பொருளின் பக்கத்தைத் திறந்து பார்த்தது என் தவறு.

அம்மாப்பேட்டையிலிருந்து:

அக்கா, நீங்கள் பதினான்கு நாள். நான் அதற்கு மேலும் காத்திருந்தேன். ஏசிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறையும், 2025 செப்டம்பர் 22 முதல் அமல் என்றதும், 40,000 ரூபாய் ஏசியில் 4,000 மிச்சம் என்று மனக்கணக்குப் போட்டேன். அது தப்புக் கணக்கு. 40,000 என்பது வரியும் சேர்ந்த விலை. வரி இல்லாமல் 31,250. அதற்கு 18 சதவீதம் சேர்த்தால் 36,875. அதாவது 3,125 தான் குறைய வேண்டும்.

அந்த அளவாவது குறைந்ததா என்றால், விலை சரியாக 36,875 ஆனது. ஆனால் அதுவரை 2,000 ரூபாயாக இருந்த வங்கி அட்டைத் தள்ளுபடியை அன்றைக்கே 750 ஆக்கிவிட்டார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் 1,250 எடுத்துக்கொண்டார்கள். வரியைக் குறைத்தே ஆக வேண்டும், ஆனால் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும் என்று இல்லையே. இப்போதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும் விலையைக் குறிப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் நான் கட்ட வேண்டிய தொகையை மட்டும்தான் குறிக்கிறேன். தறி ஓடும் வீட்டில் அத்தனை நாளும் ஏசி இல்லாமல் இருந்தது வேறு கதை.

ஏற்காட்டிலிருந்து:

நீங்கள் நாள் பார்க்கிறீர்கள், நாங்கள் பின்கோடு பார்க்க வேண்டியிருக்கிறது. 15 லிட்டர் கீசர் ஒன்றுக்கு 636601 என்று போட்டால் 6,890. சேலத்து 636001 போட்டால் 6,190. பொருள் அதேதான், விற்பவர் வேறு. மலைக்கு அனுப்பும் விற்பனையாளர் ஒருவர்தான் இருந்தார். காபித் தோட்டத்துக்காரர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான். இங்கே காய்க்கும் அராபிகாவுக்கு நியூயார்க் சந்தையைப் பார்த்து விலை சொல்கிறார்கள், கீசர் விலையை மட்டும் யாரிடம் கேட்பது?

700 ரூபாயை விட மனமில்லாமல் அஸ்தம்பட்டியில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வரவழைத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். வளைவுக்கு வளைவு பக்கத்து இருக்கைப் பெரியவர் மேல் கீசர் சாய்ந்தது. அவர்தான் பாவம், கடைசியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, இலவசமாக மாட்டித் தருபவரை அழைத்தால், பில்லில் சேலம் முகவரி இருக்கிறது, மலைக்கு வர முடியாது என்கிறார். உள்ளூர் பிளம்பருக்கு 600 கொடுத்தேன். மிச்சம் 100 ரூபாய், அதிலும் பஸ் டிக்கெட்டைக் கழிக்க வேண்டும்.

மறுபடியும் செவ்வாய்ப்பேட்டை:

ஏற்காடு டீச்சர், உங்கள் கீசர் கதையைப் படித்துவிட்டு என் கணவர் அரை மணி நேரம் சிரித்தார். கூலியையும் சேதாரத்தையும் சேர்க்காமல் விலை சொல்லக் கூடாது என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். அம்மாப்பேட்டைத் தம்பி, கட்ட வேண்டிய தொகையைக் குறிப்பதுதான் சரி. நானும் இன்று முதல் அப்படியே.

மளிகையை மட்டும் நான் இணையத்தில் தொடுவதில்லை. லீ பஜார் பக்கத்திலேயே இருக்கும்போது துவரம் பருப்பின் விலையைத் திரையில் பார்த்து என்ன ஆகப்போகிறது? இப்போது காலண்டர் தாளில் ஓடிக்கொண்டிருப்பது மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. வட்டத்துக்குள் 1,650 எழுதியிருக்கிறேன். நேற்று 1,720. மாமியார் தினமும் காலையில், "இன்றைக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார், கருவி வருவதற்குள் அழுத்தம் ஏறிவிடும் போலிருக்கிறது.